கோயில்காட்டு மண்குதிரைகள்

புதுக்கோட்டையிலிருந்து திருமயம் போகும் வழியில் இருக்கிறது நமணசமுத்திரம் அய்யனார் கோயில். அங்கே இருபுறமும் சுடுமண் குதிரைகள் வரிசைகட்டி நிற்கின்றன, நூற்றுக்கணக்கில் இருக்கும். இளங்குடிப்பட்டியிலும் இதே காட்சிதான். ஒரு குதிரைக்கு வண்ணம் பளிச்சென்று இருக்கும். அடுத்ததற்குச் சுண்ணாம்பு உரிந்து செங்கல் நிறம் தெரியும். அதற்கடுத்தது காதும் வாலும் இழந்து நிற்கும். இன்னும் தள்ளிப் போனால் கால்கள் மட்டும், அவற்றுக்கு நடுவே ஒரு செடி. அதற்கப்பால் நடப்பவரின் காலடியில் ஓட்டுச் சில்லுகள் நெரியும். அவையும் ஒரு காலத்தில் குதிரைகளாக இருந்தவைதாம்.

முதன்முறை பார்க்க வருபவர்களில் பலர் வருத்தப்படுகிறார்கள். இவ்வளவு அருமையான வேலைப்பாட்டை மழையிலும் வெயிலிலும் விட்டுவிட்டார்களே, ஒரு கொட்டகையாவது போட்டிருக்கலாமே என்கிறார்கள். நல்ல மனத்திலிருந்து வரும் வருத்தம்தான். ஆனாலும் அதை ஏற்க என்னால் முடியவில்லை. இந்தச் சிற்பங்கள் நிலைத்து நிற்பதற்காகச் செய்யப்பட்டவை இல்லை. அவை சிதைய வேண்டும்; சிதைந்தவற்றை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு ஊர் புதியவற்றைச் செய்து கொண்டுவர வேண்டும். அதுதான் ஏற்பாடு. அவற்றைச் சூழ்ந்து நிற்கும் காடு இத்தனை காலம் பிழைத்ததும் அந்த ஏற்பாட்டின் துணையால்தான் என்பதை இங்கே விரிவாகப் பார்க்கலாம்.

அய்யனார் பெரும்பாலும் ஊருக்கு நடுவில் குடியிருப்பதில்லை. ஊர் எல்லையில், கண்மாய்க் கரையில், மரக்கூட்டத்தின் நடுவே அவருடைய இடம். மனைவியர் பூரணை, புஷ்கலை இருபுறமும் இருக்க, மடித்த காலில் யோகப்பட்டை கட்டி அமர்ந்திருப்பார். அருகே கருப்பசாமி, சன்னாசி, சப்த கன்னியர், முன்னோடி என்று பரிவாரம். இரவில் குதிரையேறி ஊரையும் கண்மாயையும் சுற்றிக் காவல் காப்பது அவர் வேலை; கள்வனும் நோயும் வறட்சியும் எல்லைக்குள் வராமல் பார்த்துக்கொள்வார் என்பது நம்பிக்கை. அய்யனாருக்குச் சைவப் படையல், கருப்பருக்குக் கிடா. கிடா வெட்டும்போது அய்யனாரின் முன் திரை போட்டு மறைக்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. இந்த உறவைக் கூர்ந்து கவனித்த பிரெஞ்சு மானுடவியலாளர் லூயி துய்மோன், அய்யனாரைத் தனியாக வைத்துப் புரிந்துகொள்ள முடியாது, பக்கத்தில் நிற்கும் கருப்பரோடு சேர்த்தே பார்க்க வேண்டும் என்று 1950களில் எழுதினார். அய்யனாரைப் பற்றிய ஐரோப்பியக் குறிப்புகள் அதற்கும் வெகு முந்தியவை. தரங்கம்பாடியில் இருந்த சீகன்பால்கு 1713இல் எழுதி முடித்த தென்னிந்தியத் தெய்வங்களின் வரலாற்றில் அய்யனாருக்கு இடமுண்டு. அந்தக் கையெழுத்துப்படி 1867இல்தான் சென்னையில் அச்சேறியது.

ஏன் குதிரை? காளையும் யானையும் இந்த மண்ணில் இருக்கும்போது, கிராமக் காவல் தெய்வத்துக்கு இங்கே இயல்பாக வளராத ஒரு விலங்கு எப்படி வாகனமாயிற்று? தமிழகத்துக்குக் குதிரை கடல்வழி வந்தது. காவிரிப்பூம்பட்டினத்தில் வந்திறங்கிய பொருள்களில் குதிரையையும் பட்டினப்பாலை சொல்கிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, மன்னர் ஆண்டுதோறும் பெருந்தொகை கொடுத்து ஆயிரக்கணக்கில் குதிரைகள் வாங்குவதையும், வளர்க்கத் தெரியாமல் அவற்றில் பெரும்பாலானவை மாண்டுபோவதையும் பதிவு செய்திருக்கிறார். குதிரை வாங்கக் கொண்டுபோன பாண்டியன் பொருளை மாணிக்கவாசகர் கோயில் திருப்பணிக்குச் செலவிட்ட கதை நடந்ததாகச் சொல்லப்படும் திருப்பெருந்துறை, இன்றைய ஆவுடையார்கோயில், இதே புதுக்கோட்டை மாவட்டத்தில்தான் இருக்கிறது. அவரைக் காக்கச் சிவன் நரியைப் பரியாக்கிய அந்தக் கதை பிறந்த சீமையில் மண் பரியானதில் ஒரு பொருத்தம் உண்டு. அரசனும் படைத்தலைவனும் மட்டுமே ஏறக்கூடிய, உழவன் வாழ்நாளில் தொட முடியாத விலங்கை, அந்த உழவனே தன் கண்மாய் மண்ணால் செய்வித்துத் தன் சாமிக்குக் கொடுத்தான். நேர்த்திக்கடன்களில் இதைவிடப் பெருமிதமான ஒன்றை நான் அறியேன்.

இந்தக் குதிரைகளைச் செய்பவர்கள் வேளார்கள். குடமும் சட்டியும் வனைகிற குயவர்களே இவர்கள். மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளில் பல அய்யனார் கோயில்களுக்குப் பூசாரிகளும் இவர்களே. சிற்பி, அர்ச்சகர் என்று நம் பெருங்கோயில்களில் பிரிந்து நிற்கும் இரண்டு பணிகளும் இங்கே ஒரே கையில் இருக்கின்றன. ஸ்டீபன் இங்கிலிஸ் என்ற கனடிய ஆய்வாளர் மதுரை வட்டார வேளார்களோடு பழகி எழுதிய சிறுநூலை 1980இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் வெளியிட்டது. களிமண் உருவத்தின் நிலையாமையை ஒரு குறையாகக் கருதாமல், அதையே இந்த மரபின் மையமாகக் கண்டவர் அவர்.

வேலை பிடிமண்ணில் தொடங்குகிறது. புரவி எடுப்பது, அதாவது மண்குதிரை செய்வித்துக் கோயிலுக்குக் கொண்டுபோய் வைப்பது, என்று ஊர் கூடி முடிவெடுத்ததும், ஒரு பிடி மண்ணை ஊர்ப் பெரியவர் வேளார் கையில் கொடுப்பார். அதோடு முன்பணமும் வெற்றிலை பாக்கும் போகும். அந்த மண்ணைச் செய்மண்ணோடு கலந்துவிட்டால் அதன்பின் பின்வாங்க முடியாது. வேளார் விரதம் தொடங்குகிறார்.

சட்டி பானை செய்யும் மண் பெரிய குதிரைக்கு ஆகாது. கண்மாயில் எடுத்த களிமண்ணோடு மணலும் உமியும் வைக்கோல் துணுக்கும் சேர்த்து மிதிக்க வேண்டும். வெறும் களிமண் காயும்போது சுருங்கி வெடிக்கும். மணல் அந்தச் சுருக்கத்தைக் குறைக்கிறது. உமி சூளையில் எரிந்து மறைந்து, அது இருந்த இடத்தில் நுண்ணிய துளைகளை விட்டுச்செல்கிறது. சுடும்போது தடித்த சுவருக்குள்ளிருந்து எழும் ஆவிக்கு உமியும் அந்தத் துளைகளும் வழிவிடுகின்றன. அவை இல்லாவிட்டால் குதிரை சூளைக்குள்ளேயே வெடித்துச் சிதறக்கூடும்.

முதலில் நான்கு கால்கள், உள்ளே கூடாக உள்ள உருளைகளாக எழும்புகின்றன. அவை ஓரளவு இறுகிய பிறகே வயிறு. அதன் எடையைத் தாங்க அடியில் கம்பு முட்டுக் கொடுக்கிறார்கள். பிறகு ஒரு நாளைக்கு ஒரு சாண், இரண்டு சாண் என்று சுவரை மேலே ஏற்றிக்கொண்டு போக வேண்டும். அவசரப்பட்டால் கீழ்ப்பகுதி பாரம் தாங்காமல் பிதுங்கும். தாமதித்தாலோ கீழ்மண் காய்ந்து, மேல்மண் அதனோடு ஒட்டாது. ஈரத்துக்கும் காய்ச்சலுக்கும் நடுவிலுள்ள அந்தக் குறுகிய இடைவெளியை வேளார் விரலால் அழுத்தியே அறிகிறார். வயிறும் கழுத்தும் கூடான பிறகு தலை. விரிந்த மூக்கு, திறந்த வாய், வரிசைப் பல், பிதுங்கும் கண், விறைத்த காது. மார்பில் சலங்கை மாலையும் யாளி முகமும் வரும். 15 அடியையும் தாண்டும் குதிரைகளை இப்படி அளவுகோலோ வரைபடமோ இல்லாமல் எழுப்பியிருக்கிறார்கள். ரான் டுபாய் என்ற அமெரிக்க மட்பாண்டக் கலைஞர் இந்தப் பெருங்குதிரை வேலையைப் படமாக்கி 1980களின் தொடக்கத்தில் ஓர் ஆவணப்படம் எடுத்தார். மண்வேலை கற்பவர்கள் அதை இன்றும் தேடிப் பார்க்கிறார்கள்.

இவ்வளவு பெரிய பச்சைமண் உருவத்தைத் தூக்கிப்போய் நிலைச்சூளையில் வைக்க முடியாது. குதிரை நிற்கும் இடத்திலேயே அதைச் சுற்றிச் சூளை கட்டுகிறார்கள். வரட்டி, விறகு, வைக்கோல் அடுக்கி, மேலே உடைந்த பானையோடுகளும் மண்பூச்சும். சில இடங்களில் தலையைத் தனியே சுட்டுப் பொருத்துவதும் உண்டு. இத்தகைய திறந்த சூளையில் வெப்பம் பெரும்பாலும் 700 முதல் 900 பாகை செல்சியஸுக்குள்தான் நிற்கும். அந்தச் சூட்டில் மண் ஓடாகும்; ஆனால் நீர்புகாத் தன்மையை அடையாது. ஆகவே மழைநீர் உள்ளே இறங்கும், பாசி படரும், விரிசலில் ஆலும் அரசும் முளைக்கும். செய்த நாளிலேயே சிதைவும் குதிரைக்குள் இருக்கிறது.

புரவி எடுப்பு நாளில் வேளார் தெருவிலிருந்தோ புரவிப் பொட்டலிலிருந்தோ, தூக்கிச் செல்லக்கூடிய அளவிலான குதிரைகள் புறப்படுகின்றன. வண்ணம் தீட்டி, மாலை சாற்றி, கண் திறந்து, கம்புகளில் கட்டி, இளைஞர்கள் தோளில் ஏற்றிக் கோயிலுக்குக் கொண்டுபோகிறார்கள். ஊர்ப் பொதுக் குதிரை முன்னே போகும். அதன்பின் நேர்ந்துகொண்டவர்களின் குதிரைகள், காளைகள், பிள்ளை வரம் கேட்டவர்களின் மதலைப் பொம்மைகள். மழைக்காக, நோய் தீர, காணாமற்போன மாடு கிடைக்க என்று காரணங்கள் பல. சில ஊர்களில் இது ஆண்டுதோறும் நடக்கும். சில ஊர்களில் மரியாதை யாருக்கு முதலில் என்ற வழக்கில் பல ஆண்டுகள் நின்றுபோகும். காட்டுக்குள் இறக்கி வைத்ததும் குதிரை சாமியுடையதாகிவிடுகிறது. அதற்குப் பிறகு அதைச் செப்பனிடுவதில்லை, எடுத்து அடுக்குவதில்லை, வீட்டுக்குக் கொண்டுபோவதுமில்லை.

இந்தக் கடைசி வழக்கத்தில்தான் காட்டின் கதை தொடங்குகிறது. கோயில்காட்டின் விதியும் இதுவே: உள்ளே இருப்பது எதுவும் வெளியே போகக்கூடாது. பச்சை மரத்தை வெட்டக்கூடாது. பல ஊர்களில் விழுந்த விறகைக்கூடப் பொங்கல் அடுப்புக்குத் தவிர வேறெதற்கும் எடுக்கக்கூடாது. சாமிக்கு விட்ட மண்ணும் சாமி வளர்த்த மரமும் ஒரே காவலின் கீழ் இருக்கின்றன.

அந்தக் காவலின் மதிப்பை அளந்து காட்டியவர்கள் தாவரவியலாளர்கள். சோழமண்டலக் கரையை ஒட்டிய நிலத்தில் முன்பு பரந்திருந்தது உலர் பசுமைமாறாக் காடு. ஆண்டில் பாதிக்கும் மேல் மழையில்லாத நிலம். கிடைக்கும் மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடும். அப்படியிருந்தும் இலை உதிர்க்காமல் நிற்கும் குட்டையான, நெருக்கமான காடு அது. வீரை, உலக்கைப்பாலை, காசான், குருந்து போன்றவை அதன் மரங்கள். உழவும் விறகும் குடியிருப்பும் அதைத் தின்றுவிட்டன. மிச்சமிருப்பவற்றில் கணிசமான துண்டுகள் கோயில்காடுகள். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் பார்த்தசாரதியும் அவருடைய மாணவர்களும் 1990களிலிருந்து இக்காடுகளில் இறங்கி மரம் மரமாகச் சுற்றளவு அளந்து எண்ணினார்கள். புதுச்சேரிக்கு வடக்கே கடற்கரைச் சாலையோரம் உள்ள புத்துப்பட்டு அய்யனார் கோயில்காடு அறிவியல் இதழ்களில் இடம்பிடித்தது இந்த வழியில்தான். புதுக்கோட்டை மாவட்டத்திலும் அந்தக் குழு வேலை செய்தது. இதே மாவட்டத்தில் காட்டு நிலம் பெருமளவில் தைலமரத் தோப்பாக மாறிவிட்டதையும், கண்மாய்களைச் சீமைக்கருவேலம் அடைத்துக்கொண்டதையும் நினைத்தால், சில ஏக்கர் வீரைமரக் கூட்டத்தின் விலை புரியும். மு. அமிர்தலிங்கம் 1998இல் வெளியிட்ட தொகுப்பு தமிழ்நாட்டில் 448 கோயில்காடுகளைப் பட்டியலிட்டது. பட்டியலில் ஏறாதவை இன்னும் பல இருக்கும். அண்மைக்காலத்தில் ஒரு குத்துச்செடியாகச் சுருங்கியவையும் இருக்கும்.

காட்டுக்குள் பேருருவச் சிலைகளை வைப்பது நமக்கு மட்டுமே உரியதன்று. இத்தாலியின் பொமார்சோவில் 16ஆம் நூற்றாண்டில் விச்சீனோ ஒர்சினி என்ற பிரபு, காட்டுச் சரிவில் கிடந்த எரிமலைப் பாறைகளையே யானையாகவும் ஆமையாகவும் வாய் பிளந்த அரக்க முகமாகவும் செதுக்கச் செய்தார். அவர் காலத்துக்குப் பின் கவனிப்பாரின்றிப் புதர் மூடியது. 1950களில் ஒரு குடும்பம் அந்த நிலத்தை வாங்கி, புதரை வெட்டிச் சிலைகளை மீட்டது. நம் காலத்தில் டென்மார்க்கின் தாமஸ் டம்போ, கழித்துப்போட்ட பலகைகளால் பூதங்களைச் செய்து காடுகளில் உட்கார வைக்கிறார். 2016இல் கோபன்ஹேகனின் மேற்குப் புறநகர்களில் அவர் வைத்த ஆறு பூதங்களைத் தேடி மக்கள் குடும்பத்தோடு நடக்கிறார்கள். இரண்டையும் நான் மதிக்கிறேன். ஆனால் பொமார்சோவில் காடு சிலைக்குப் பகை. சிலையைக் காக்கக் காட்டை வெட்ட வேண்டியிருந்தது. டம்போவின் பூதம் ஒரு கலைஞர் வந்து செய்துவிட்டுப் போவது. அது மக்கிய பிறகு அடுத்ததைச் செய்ய அந்த ஊருக்குக் கடமையில்லை. நம் மண்குதிரைக்குப் பின்னால் ஒரு கண்மாய், ஒரு வேளார் குடும்பம், ஒரு நேர்த்திக்கடன், ஒரு காடு என்று நான்கும் சேர்ந்து நிற்கின்றன.

இந்த நான்கையும் ஒருசேரத் தாக்குவது சிமெண்ட். ஊரில் பணம் வந்ததும் மழையில் கரையாத குதிரை வேண்டும் என்ற ஆசை வருகிறது. வெளிநாட்டிலும் சென்னையிலும் இருப்பவர்கள் நன்கொடை அனுப்புகிறார்கள். கம்பி கட்டி, சிமெண்ட் பூசி, பளபளக்கும் எனாமல் வண்ணம் அடித்து நிரந்தரக் குதிரை எழுகிறது. சிமெண்ட் குதிரை செய்யப் பிடிமண் வேண்டாம், கண்மாய் மண் வேண்டாம். ஒருமுறை செய்தால் அடுத்த தலைமுறைக்கு வேலையில்லை. வேளார் கை அந்த அளவை மறந்துபோகும். அதோடு நிற்பதில்லை. சாமிக்குக் கூரை, கூரைக்கு மண்டபம், பக்தர் நிற்கத் தளம், வண்டி நிறுத்த வெளி என்று திருப்பணி விரியும்போது முதலில் விழுவது பக்கத்து மரங்கள். வெட்ட அஞ்சிய கை, குடமுழுக்கின் பெயரால் வெட்டுகிறது. எலைசா கென்ட் தமிழகக் கோயில்காடுகளைப் பற்றி 2013இல் வெளியிட்ட நூல் இந்த முரணை நேர்மையாகப் பேசுகிறது: இக்காடுகள் சூழலியல் நோக்கத்தால் காக்கப்பட்டவை அல்ல, சாமியின் மேலுள்ள அச்சத்தாலும் அன்பாலும் காக்கப்பட்டவை, ஆகவே சாமிக்குச் சிறப்பு எது என்ற எண்ணம் மாறினால் காடும் மாறிவிடும்.

நிலையான குதிரை எல்லாமே கேடு என்று நான் சொல்லவில்லை. கீரமங்கலம் அருகே குளமங்கலத்தில் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில் முன் தாவி நிற்கும் வெள்ளைக் குதிரை 33 அடி உயரம். ஆசியாவிலேயே பெரியது என்று அவ்வூரார் பெருமையோடு சொல்வார்கள். மாசிமகத்தன்று அக்குதிரைக்கு அதன் உயரத்துக்குக் காகிதப்பூ மாலைகள் சாற்றுகிறார்கள். ஒன்றிரண்டு இல்லை, வாகனங்களில் ஏற்றிக்கொண்டு வந்து சாற்றுகிறார்கள். உடல் மறைந்து காகிதக் குன்றாகத் தெரியும் அளவுக்குச் சேர்கிறது. குதிரை நிலைத்துவிட்டதால், கரைந்து புதுப்பிக்கப்படும் பொறுப்பை அங்கே மாலை ஏற்றுக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆண்டுதோறும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் புதிதாக ஒன்று வந்தே ஆகவேண்டும் என்ற கடன் அங்கே அறுபடவில்லை. அறுபட்ட ஊர்களில்தான் சிக்கல்.

வேளார் பக்கத்தையும் பார்க்க வேண்டும். மண்குதிரைக்கு மண் வேண்டும். அந்த மண்ணைக் கண்மாயில் எடுக்க அலுவலகம் அலுவலகமாக அலைந்தார்கள். 2024இல் மண்பாண்டத் தொழிலாளர்களும் உழவர்களும் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெற்று மண் எடுக்கலாம் என்று அரசு விதியைத் தளர்த்தியது நல்ல காரியம். ஆனாலும் மாதக்கணக்கில் உழைத்துச் செய்யும் ஒரு பெருங்குதிரைக்கு ஊர் கொடுக்கும் கூலியில் குடும்பம் நடத்த முடியாது. இப்போது விடுதிகளின் முகப்புக்கும் பண்ணை வீடுகளின் தோட்டத்துக்கும் குதிரை கேட்டு வருகிறார்கள். கை மறக்காமல் இருக்க அதுவும் உதவுகிறது; அதைக் குறைசொல்ல மனமில்லை. காட்டுக்குள் நிற்கும் பழங்குதிரையின் தலையைக் கழற்றி விற்பவர்களையும், அதை வாங்கி வரவேற்பறையில் வைப்பவர்களையும் மட்டும் மன்னிக்க முடியவில்லை.

சட்டம் இப்போது மெல்லக் கண்திறக்கிறது. 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின் 37ஆம் பிரிவு, உள்ளாட்சி அமைப்புகளோடு கலந்து ஓர் இடத்தைப் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்க மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. அதன்படி 2022இல் மதுரை அரிட்டாபட்டியும், 2025இல் திண்டுக்கல் மாவட்டத்துக் காசம்பட்டி வீரகோயில் காடும் அறிவிக்கப்பட்டன. காசம்பட்டிக் காட்டின் பரப்பு 5 எக்டேருக்கும் சற்றுக் குறைவு. இவ்வளவு சிறிய துண்டுக்கும் அந்தத் தகுதி உண்டென்று அரசே ஒப்புக்கொண்டிருப்பது, புதுக்கோட்டைச் சீமைக் குதிரைக்காடுகளுக்கும் வழி திறந்திருக்கிறது. ஊராட்சிகளின் பல்லுயிர் மேலாண்மைக் குழுக்கள் கேட்க முன்வர வேண்டும்.

பார்க்கப் போகிறவர்கள் காலையில் போங்கள். செருப்பை எல்லையில் விட்டுவிட்டு, பூசாரியிடமோ ஊராரிடமோ சொல்லிவிட்டு உள்ளே செல்லுங்கள். குதிரை மேல் சாயவோ ஏறவோ வேண்டாம். உள்ளே வெறுங்கூடு, பாரம் தாங்காது. ஓட்டுச் சில்லு ஒன்றையும் நினைவுக்கென்று எடுக்காதீர்கள். உங்கள் சொந்த ஊர் அய்யனார் கோயிலிலிருந்து அடுத்த திருப்பணிக்கு நன்கொடைச் சீட்டு வந்தால், கூரைக்கும் தளத்துக்கும் எழுதாமல், பிடிமண் கொடுத்து வேளார் கையால் புரவி எடுக்க என்று குறிப்பிட்டு எழுதுங்கள். மரம் ஒன்றும் விழக்கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் எழுந்து சொல்லுங்கள்.